வைக்கவா, விக்கவா?

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் வரி எனக்குக் கிடைத்தது வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது. துணியைப் பிழியும் கட்டத்தில் அது லேசாகத் தரையில் நகரும். அது நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு, இந்த மெஷின் எப்படி வீட்டுக்கு வந்தது என்பதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் ஏற்கெனவே வேறு விதமாகச் சொல்லிவைத்திருந்தேன். அதை மாற்றிச் சொல்வதைவிடக் கதை எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். நினைப்புதான்.

கிடைத்த முதல் வரி இது:

பச்சைப் பேனாவை அவர் என் கையில் வைத்தபோது அவருடைய கண்கள்

அந்த இடத்தில் நின்றுவிட்டது. நான்கு நாள் முயன்றேன். 'கண்கள்' என்பதற்குப் பிறகு என்ன எழுதினாலும் அது என்னை நல்லவனாகக் காட்டியது. அவருடைய கண்கள் கலங்கின என்று எழுதினால், அதைக் கவனித்த நான் இளகிய மனசுக்காரன் ஆகிவிடுகிறேன். அவருடைய கண்கள் என்னை நம்பின என்றால் நான் நம்பத்தகுந்தவன். உண்மையில் அன்று நான் அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அந்த வரியை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

2

பேனா சேர்ப்பவர்கள் நாங்கள் இருபத்திரண்டு பேர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் கூடுவோம். பல் டாக்டரும் எங்களில் ஒருவர், ஞாயிறு அவருக்கு விடுமுறை. ஈறு படம் போட்ட சுவருக்குக் கீழே, பழைய வார இதழ்களை ஒதுக்கிவிட்டு, மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பேனாக்களைப் பரப்புவோம். நிப்புக்கு அடியில் காய்ந்துபோன மையை டாக்டர் தன்னுடைய மெல்லிய ஊசிகளால் சுரண்டி எடுப்பார். "கத்தாத பேஷன்ட் இவங்க மட்டும்தான்" என்பார். ஒவ்வொரு மாதமும் இதையே சொல்வார், ஒவ்வொரு மாதமும் சிரிப்போம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவர் தன் பேனாவைக் கொடுக்க முன்வந்தால், கேட்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வைக்கவா, விக்கவா?"

வைத்துக்கொள்ளத்தான் என்றால், கொடுப்பவர் எந்த விலைக்கு வாங்கினாரோ அதே விலை. முப்பது வருடம் ஆகியிருந்தாலும் அதே விலைதான். விற்பதற்கென்றால் வெளியே என்ன விலை போகிறதோ அந்த விலை. எழுத்தில் எதுவும் கிடையாது, சாட்சியும் கிடையாது. வைப்பதாகச் சொல்லி வாங்கியவர் பின்னால் கொடுக்க நேர்ந்தால், அவரும் இதே கேள்வியைக் கேட்டு எங்களுக்குள்ளேயே கொடுக்க வேண்டும். வாயால் ஒரு சொல் சொன்னால் போதும், மற்றவர்கள் நம்பிவிடுவார்கள்.*

(* எழுதிப் பார்த்தால் இரண்டு சொல்லுக்கும் அதிக தூரம் இல்லை. முன்னால் சங்கிலிக் கொம்பு போட்டால் வைக்க, மேலே சுழித்தால் விக்க. 'விக்க' என்பது பிழை, 'விற்க' என்றுதான் இருக்க வேண்டும் என்று ஒருவர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். அவரைப் பற்றித்தான் இந்தக் கதை. என்னைப் பற்றி என்றும் சொல்லலாம். அதை இன்னும் முடிவு செய்யவில்லை.)

எங்கள் கூட்டத்தில் மூன்றாவதாக ஒரு விலையும் உண்டு. அது வீட்டில் சொல்கிற விலை. எந்தப் பேனாவுக்கும் அதுதான் இருப்பதிலேயே குறைந்த விலை.

டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் எப்போதும் "விக்க" என்றே சொல்வார். கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே அதை வெளியே இரண்டு மடங்குக்குத் தள்ளிவிடுவார். "நான் காசு குடுத்து வாங்கறேன், நான் விக்கறேன். ஒளிச்சா செய்யறேன்?" என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரைக் கிண்டலடிப்போம். பேனாவைப் பிடிக்கத் தெரியாதவன், பேனாவுக்கும் தரை ஓட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று என்னென்னவோ சொல்வோம். அதிகம் சொன்னவன் நான். இத்தனை வருடம் கழித்து யோசித்துப் பார்த்தால், எங்கள் இருபத்திரண்டு பேரில் ஒருமுறைகூட வாக்கு மாறாதவர் அவர்தான்.

3

இப்போது அவரைக் கொண்டுவர வேண்டும்.

அவருக்கு எங்கள் குழு வைத்த பெயர் ஒற்று சார். ஒரு பதிப்பகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவர். க், ச், த், ப் என்று எந்த ஒற்று எங்கே விட்டுப்போனாலும் அவருக்குச் சோறு இறங்காது. கடைப் பலகையையும் விடமாட்டார், கல்யாணப் பத்திரிகையையும் விடமாட்டார். மாவு மில் நடத்திய எங்கள் நண்பர் இறந்தபோது, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் இரண்டு ஒற்றுப் பிழை இருக்கிறது என்று சாவு வீட்டு வாசலில் நின்று திருத்தினார். அச்சடித்து ஒட்டியாகிவிட்டது என்று சொல்லியும் கேட்கவில்லை. தன் பேனாவாலேயே ஒவ்வொரு நோட்டீஸிலும் 'க்' போட்டுக்கொண்டே தெரு முனைவரை போனார்.

[இங்கே ஒரு சந்தேகம். முதல் வடிவத்தில் அவரை ரொம்ப நல்லவராக எழுதியிருந்தேன். சாந்தமானவர், எல்லோரிடமும் அன்பானவர் என்று. படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. அதைவிட முக்கியம், அது பொய். ஆள் கறார். கைக்காசு செலவு செய்து ஒருவருக்கு டீ வாங்கித் தரமாட்டார். என் முதல் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இருபது பேர் முன்னால் சமர்ப்பணப் பக்கத்தைத் திறந்து, "'அம்மாவிற்கு'ன்னு போட்டிருக்கீங்க எழுத்தாளரே. அம்மாவுக்குன்னு போட்டா அம்மா கோவிச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் நான் செய்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியிருக்கிறது.]

ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கதையையும் அச்சுக்குப் போகும் முன் அவர்தான் படித்தார். காசு வாங்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டுத் தருவார். கதை நன்றாக இருக்கிறது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "பிழை கம்மியா இருக்கு" என்பார். அதைக் கேட்க நான் என்ன பாடுபட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

அவருடைய பச்சைப் பேனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனி ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் கடைந்து செய்தது. அந்த ஆள் நாற்பது பேனா செய்ததும் பட்டறையை மூடிவிட்டார். இளம் பச்சை உடல், கறுப்பு மூடி, கொஞ்சம் கனம். ஒற்று சார் அதைத் தன் அரை மாதச் சம்பளத்துக்கு வாங்கியிருந்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். திருத்தும்போது பேனாவின் பின்முனையைக் கடிக்கும் பழக்கம். முப்பது வருடம் கடித்ததில் அங்கே ஒரே ஒரு குழி, ஆழமாக. "இதைப் பாத்தாலே இது யாரோட பல்லுன்னு சொல்லிடுவேன்" என்று டாக்டர் சிரிப்பார்.

4

அவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முதலில் இடது கண். எழுத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். பிறகு பதிப்பகத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பேனாக்கள் பதினேழையும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

"எல்லாத்தையும் குடுத்துடறேன். எனக்கு இனிமே எதுக்கு?"

டாக்டர் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

ஒவ்வொன்றாகப் போனது. பச்சைக்கு வந்தபோது இரண்டு பேர் கை நீட்டினோம். டைல்ஸ் கடைக்காரரும் நானும்.

"வைக்கவா, விற்கவா?" என்றார் ஒற்று சார்.

"நான் என்னைக்கு வச்சிருக்கேன்? விக்கத்தான்" என்றார் கடைக்காரர். ஒரு தொகையும் சொன்னார். அறையில் இரண்டொருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என்னுடைய நான்கு மாதச் சம்பளம் அது. "நாளைக்கே பணம் வீட்டுக்கு வந்துடும் சார். யோசிச்சுக்குங்க. உங்களுக்கும் செலவிருக்கு."

ஒற்று சார் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"வைக்க" என்றேன்.

மனசாரத்தான் சொன்னேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வரியை எடுக்கமாட்டேன்.

"இவர்கிட்டயே இருக்கட்டும்" என்றார் ஒற்று சார். "உங்ககிட்ட குடுத்தா அது எங்க போகும்னு எனக்குத் தெரியாது. இவர்கிட்ட இருந்தா மாசா மாசம் இங்க வரும். கையில வாங்கிப் பாத்துக்கலாம்."

முப்பது வருடத்துக்கு முந்தைய அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். இன்றைக்கு அதில் மூன்று பேர் ஒரு வேளை சாப்பிடலாம், அவ்வளவுதான்.

5

எட்டு மாதம் கழித்து அதை விற்றுவிட்டேன்.

இந்த வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. இதற்கு முன்னால் நான் எழுதிப் பார்த்த காரணங்களைக் கீழே தருகிறேன். தூக்கிப் போட மனசு வரவில்லை.

என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, கட்டணம் கட்டக் கடைசி நாள்

எனக்கு மகளே கிடையாது. ஒரே பையன். வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறான், பண்டிகை என்றால் அவன்தான் எனக்குச் சட்டை எடுத்துத் தருகிறான்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம் அது. மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு

அம்மா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. சமர்ப்பணப் பக்கத்தில் 'அம்மாவிற்கு' என்று இருந்த அதே அம்மா. ஒரு பேனாவை விற்றதை மறைக்க அவளை மறுபடி கட்டிலில் படுக்கவைத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நடந்தது இதுதான். வெளியூர் வியாபாரி ஒருவர் போனில் செய்தி அனுப்பினார். அந்த நாற்பது பேனாவில் ஒன்று உங்களிடம் இருக்கிறதாமே, இவ்வளவு தருகிறேன் என்று. ஐந்து மாதச் சம்பளம். மூன்று நாள் அந்தச் செய்தியைத் திறந்து திறந்து பார்த்தேன். எனக்குப் பணமுடை எதுவும் இல்லை. பேனா அலமாரியில் இருந்தது. பார்க்கும்போதெல்லாம் முன்பு அது பேனாவாகத் தெரிந்தது, அந்த மூன்று நாளும் அந்தத் தொகையாகத் தெரிந்தது. நான்காம் நாள் அனுப்பிவிட்டேன். ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். ஆபீஸில் போனஸ் வந்ததாக மனைவியிடம் சொன்னேன். மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. அதைத் தொடவும் முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து வியாபாரி போட்ட விளம்பரத்தைப் பார்த்தேன். விலை இரண்டு மடங்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்முனை வழவழவென்று இருந்தது. கடித்த தடம் இருந்தால் விலை குறையும் என்று அதைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்று சார் கேட்பார். "பச்சையைக் கொண்டு வரலையா?" வழியில் விழுந்துவிடுமோ என்று பயம் சார் என்றேன். அடுத்த மாதம் மறந்துவிட்டேன் என்றேன். அதற்கடுத்த மாதம் அவரே வரவில்லை. வலது கண்ணும் போய்க்கொண்டிருந்தது.

6

(இந்தப் பகுதியை முதல் மூன்று வடிவங்களில் நான் சேர்க்கவே இல்லை. இது இல்லாவிட்டால் இது ஒரு பேனாவின் கதை, கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு நீங்கள் அடுத்த பக்கம் போய்விடலாம். எனக்கும் அதுதான் வசதி.)

நான் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஒரு மதியம் ஒற்று சாரின் மகள் அங்கே வந்தாள். மருந்துக் கடையில் வேலை, கடைச் சட்டையோடு வந்திருந்தாள். என் மேசைக்கு எதிரே, காப்பீட்டுத் தொகை கேட்டு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு உதவி. அப்பா அந்தப் பச்சைப் பேனாவை ஒரு தடவை கையில வாங்கிப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்கார். ஒரு நாள் போதும். நானே பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து குடுத்துடறேன்."

"அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"பார்வை சுத்தமா இல்லண்ணா. வலது கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாங்க. ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியிருந்தா. நான் பணம் புரட்டறதுக்குள்ள ஒன்பது மாசம் ஆயிடுச்சு." கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "பேனாவையெல்லாம் நல்ல விலைக்குக் குடுங்கப்பான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பழசு, யாரு பெருசா குடுப்பாங்கன்னார். சரி, வச்சுக்கறவங்க கையில போச்சேன்னு நானும் விட்டுட்டேன்."

நான் கணக்குப் போட்டேன். என் வேலையே அதுதான். அன்று டைல்ஸ் கடைக்காரர் சொன்ன தொகை, ஆபரேஷன் செலவுக்கு மேல் வரும்.

"ஞாயித்துக்கிழமை நானே கொண்டுவரேம்மா" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸ்ணா" என்று எழுந்தாள். படியிறங்கும் சத்தம் நின்ற பிறகும் நான் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

வியாபாரியைக் கேட்டேன். பேனா கடல் தாண்டிப் போய்விட்டதாம்.

இப்படி ஒரு நிலைமையில் மனிதன் என்ன செய்வான்? உண்மையைச் சொல்வான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் கடைக்குப் போய் அதே அளவில், அதே கனத்தில் ஒரு பச்சைப் பேனா வாங்கினேன். நிப்பை முரட்டுத் தாளில் இரண்டு நாள் தேய்த்தேன். டாக்டரிடம் கொண்டுபோய் மூடியைக் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொன்னேன்.

"இந்தப் பேனாவுக்குப் போய் ஏன் இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்றார்.

"கைக்குப் பழகணுமே டாக்டர்" என்றேன்.

அதன் பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, பேனாவின் பின்முனையைக் கடித்தேன். ஐம்பத்திரண்டு வயது. கதை எழுதுகிறவன். பிளாஸ்டிக் துணுக்கு நாக்கில் ஒட்டியது, துப்பிவிட்டு மறுபடி கடித்தேன். எடுத்துப் பார்த்தால் இரண்டு தடம், பக்கத்துப் பக்கத்தில், ஆழமில்லாமல். என் பல்வரிசை ஒழுங்கானது. எவ்வளவு முயன்றாலும் ஒற்றைக் குழி விழவில்லை.

8

அவர் வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைமேல் யாரும் படிக்காத அகராதிகள். பனியனோடு உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பேனாவைக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு கட்டைவிரல் மெதுவாகப் பின்முனைக்குப் போனது. அங்கேயே நின்றது. ஒருமுறை தடவினார். திருப்பி இன்னொருமுறை தடவினார்.



"நல்லா வச்சிருக்கீங்க" என்றார்.

பேனாவை நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"புதுசா ஏதாவது எழுதினீங்களா? கண்ணு இல்லைன்னா என்ன, படிச்சுக் காட்டுங்க. காதாலயே திருத்தறேன்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் என் கதைகளைப் படித்துக் காட்டுகிறேன். நிஜமாகவே காதால் திருத்துகிறார். "அந்த இடத்துல மூச்சை விட்டுட்டீங்க, ஒரு 'த்' முழுங்கியாச்சு" என்பார். பார்த்தால் அங்கே 'த்' விட்டுப்போயிருக்கும்.

அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா, விரல் மரத்துப்போய் ஏமாந்தாரா? முதலில் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது. அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அவருக்காக இல்லை என்பதால்.

9

முடிவுகள்.

ஒன்று எழுதினேன். வங்கியில் இருக்கும் பணத்தை உறையில் போட்டு, குழுவில் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது என்று மகளிடம் கொடுக்கிறேன். அவள் நன்றி சொல்கிறாள். 'நான் படியிறங்கினேன்' என்று முடித்திருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்தத் திருப்தியில் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன், மெஷின் விஷயம் உள்பட முழுக் கதையையும். வாஷிங் மெஷின் மேல் சாய்ந்துகொண்டு படித்தாள். 'போனஸ்' என்ற இடம் வந்ததும் சாய்ந்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

முடித்துவிட்டு, "ஏங்க, அப்பவும் பொய்தானா?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரமாக எதுவும் கேட்கவில்லை.

இன்னொரு முடிவில் பச்சைப் பேனா திரும்பி வந்துவிடுகிறது. கடல் தாண்டிய பேனாவை நான் எப்படி வரவழைத்தேன் என்பதற்கு ஒரு பக்கம் செலவழித்தேன். வந்தாலும் அந்தக் குழி திரும்பி வராது என்பது அந்தப் பக்கத்தின் கடைசி வரியில்தான் உறைத்தது.

மூன்றாவதில் அவர் இறந்துவிடுகிறார். எழுதி முடித்த உடனே கிழித்துவிட்டேன். ஆள் உயிரோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் போய்விட்டால் எனக்கு நிம்மதி என்று நானே எழுதிவைத்த மாதிரி இருந்தது.

10

ஆக, போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையை எடுத்துக்கொண்டு போனேன். மேலே உள்ள ஒன்பது பகுதிகளும், எதையும் குறைக்காமல். பணத்தையும் உறையில் போட்டுப் பையில் வைத்திருந்தேன். கொடுத்தால் செய்ததற்கு விலை பேசுவதாகும், கொடுக்காவிட்டால் இன்னும் நானே வைத்திருப்பதாகும். எது சரி என்று போய்ச் சேரும்வரை தெரியவில்லை.

மகள் அறைக்குள்தான் இருந்தாள். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரிலேயே படிக்கத் தொடங்கினேன்.

கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் இடத்தில் அவர் சிரித்தார். டீ வாங்கித் தரமாட்டார் என்ற இடத்தில், "அது அபாண்டம். ரெண்டு தடவை வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றார். நான்காம் பகுதியில் சிரிப்பு நின்றது. டைல்ஸ் கடைக்காரர் சொன்ன தொகை வந்தபோது மகளின் கை நின்றுவிட்டது. ஐந்தாம் பகுதியின் முதல் வரியைப் படித்தேன்.

"'வித்துட்டேன்'னு காதுல விழுது" என்றார் ஒற்று சார். "என்ன எழுதியிருக்கு?"

"விற்றுவிட்டேன்னுதான் சார்."

"அப்ப அப்படியே படிங்க. 'ற்' கேக்கணும்."

மறுபடி படித்தேன். அவர் தலையசைத்தார். ஆறு, ஏழு, எட்டு என்று படித்துக்கொண்டே போனேன். நடுவில் இரண்டு இடத்தில் திருத்தினார், இரண்டும் சரியான திருத்தம். ஒன்பதை முடித்துத் தாள்களை மடித்தேன்.

மகள்தான் முதலில் பேசினாள். என்னிடம் பேசவில்லை.

"நாலு மாசச் சம்பளம் தரேன்னாராப்பா? யாரும் பெருசா குடுக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே என்கிட்ட."

அவர் அவளிருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார், ஆனால் அவள் அதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மடித்த துணியும் மடிக்காத துணியும் கட்டிலிலேயே கிடந்தன. உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது.

அவரையும் வீட்டில் பொய் சொன்னவராக ஆக்கிவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் பாவத்தைச் சொல்லப் போனவன், அவர் மகளிடம் அவர் மறைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை நான் யோசிக்கவே இல்லை. பத்து வடிவம் எழுதியும் யோசிக்கவில்லை.

"பத்திரிகைக்கு அனுப்பப் போறீங்களா?" என்றார்.

"நீங்க வேண்டாம்னா அனுப்பல சார்."

கொஞ்ச நேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். ஒற்றுப் பிழை இல்லாத, முழுமையான வாக்கியம். அதைக் கேட்ட பிறகுதான் பையிலிருந்த உறையை என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்தது. அதை மடித்த துணிகளின்மேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான், இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். அவர் இடத்தில் உட்கார்ந்து நீங்களே ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். என்னைத் திட்டினாலும் சரி, மன்னித்தாலும் சரி, நான் மறுத்துப் பேசப் போவதில்லை. இந்தக் கதை அச்சானால் பத்திரிகைக்காரர்கள் எனக்குப் பணம் தருவார்கள். அவர் பேனா, அவர் பல் தடம், அவர் மகள் கேட்ட கேள்வி எல்லாமே அந்த விலைக்குள் போய்விட்டன. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் எழுதவில்லை.